கண்ணொளி தேடி மதுரைக்கு

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்புவனத்துக்கும் மானாமதுரைக்கும் இடையே முத்தனேந்தல் என்றோர் ஊர் உண்டு. அங்கே இறங்கி வைகை ஆற்றைக் கடந்தால் இடைக்காட்டூர். 1894-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் குருவாகிய பெர்தினாந்து செல்லே அடிகளார் எழுப்பிய இயேசுவின் திரு இருதய ஆலயம் அங்கேதான் இருக்கிறது. பனையும் கருவேலும் சூழ்ந்த நாட்டுப்புறத்தில், பிரான்சின் ரைம்சு நகரப் பேராலயத்தின் சாயலில், கூரிய வளைவுகளோடு நிற்கும் அக்கோயிலை வெளியூரார் வியந்து பார்த்துச் செல்கின்றனர். சுற்று வட்டாரத்தில் வாழும் எங்களுக்கோ அது மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமைத் திருப்பலிக்குச் செல்லும் சொந்த இடம்.

இக்கட்டுரை அவ்வாலயத்தைப் பற்றியதன்று. முதல் வெள்ளியன்று வந்து இறங்கும் அதே முத்தனேந்தல் நிறுத்தத்தில், சில செவ்வாய்க்கிழமைகளில் விடியுமுன் காத்து நின்று, என் தமக்கையாரின் கண்ணுக்காக மதுரைக்குப் பேருந்து ஏறிய பயணங்களைப் பற்றியது. தொலைவு நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆயினும் நான் மேற்கொண்ட பயணங்கள் எல்லாவற்றினும் இவையே எனக்கு அதிகம் கற்பித்தன. ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இடையே எத்தனை நாள் விடலாம் என்பதே அந்தப் பாடம். அதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

வளைந்த தூண்

எங்கள் தாயார் இளமையிலேயே இறந்துவிட்டார். என்னை வளர்த்து, எழுத்தறிவித்து, ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பிவைத்தவர் என் அக்காள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் முதலில் ஆள் அனுப்புவது அவருக்குத்தான். இரவு முழுவதும் அமர்ந்து செபப் புத்தகத்தைப் பிரித்து மன்றாட்டுகளை வாசிப்பார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக எங்கள் ஊரில் இறந்தோர் அனைவரும் அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டேதான் கல்லறைக்குச் சென்றார்கள் என்று சொல்லலாம்.

2022-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியின்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. சேலைத் தலைப்பால் இடக்கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர், சட்டென்று என் தோளைத் தொட்டு, “தம்பி, அந்தத் தூண் வளைந்திருக்கிறதே, பார்த்தாயா?” என்றார். தூண் நேராகத்தான் நின்றது. இடக்கண்ணை மூடியிருந்த அந்த ஒரு கணத்தில், வலக்கண்ணின் குறை அவருக்கே தெரிந்தது. இரு கண்களும் திறந்திருக்கையில் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடுகிறது. அதனால் எத்தனை மாதங்கள் அது மறைந்திருந்ததோ, யார் அறிவார்?

ஜனவரி மாதத்தில் மதுரையிலுள்ள கண் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். கண்ணின் உட்புறச் சுவரில் விரிந்திருக்கும் விழித்திரையின் நடுப்பகுதிக்கு மாக்குலா என்று பெயர். எழுத்தை வாசிக்கவும், முகத்தை இனங்காணவும், ஊசியில் நூல் கோக்கவும் நமக்கு உதவுவது அச்சிறு பகுதியே. ஐம்பது வயதைக் கடந்தவர்களில் சிலருக்கு அது சிதையத் தொடங்குகிறது. இந்நோயில் உலர் வகை, ஈர வகை என இரண்டு உண்டு. உலர் வகை மெல்ல நகர்வது. ஈர வகையிலோ, விழித்திரைக்கு அடியில் முறையற்ற புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து, நீரையும் இரத்தத்தையும் கசியவிட்டு, சில வாரங்களிலேயே நடுப்பார்வையைப் பாழாக்கிவிடும். அக்காளின் வலக்கண்ணில் வந்திருந்தது ஈர வகை. இடக்கண்ணில் உலர் வகையின் தொடக்க அடையாளங்கள் இருந்தன.

செவ்வாய்க்கிழமைச் சாலை

முதல் ஊசிக்குக் குறித்த நாள் 2023 ஜனவரி 31, செவ்வாய்க்கிழமை. பின்னர் வந்த தவணைகளும் செவ்வாய்களிலேயே அமைந்தன. செவ்வாய்க்கிழமை திருப்புவனத்தில் சந்தை. ஆட்டு வியாபாரத்துக்குப் பேர்பெற்ற சந்தை அது. விடியுமுன்னரே சாலை நெடுக ஆடுகளை ஏற்றிய சிறு வண்டிகள் செல்லும். பேருந்தில் எங்களுக்கு அருகே கயிறும் கோலுமாக நிற்பவர்கள் திருப்புவனத்தில் இறங்கிவிடுவார்கள். அதன்பின் அக்காளுக்குச் சன்னலோரம் இடம் கிடைக்கும். அவர் செபமாலையை எடுத்துக்கொள்வார். துயர மறைபொருள்கள் ஐந்தும் முடிவதற்கும் கீழடி விலக்கு வருவதற்கும் சரியாக இருக்கும்.

தென்னந்தோப்புகளைக் கடந்து சிலைமான், அதன்பின் விரகனூர். அங்கே சுற்றுச்சாலைப் பாலத்தின் மீது பேருந்து வைகையைக் கடக்கும். பெரும்பாலான நாட்களில் வைகையில் நீர் இராது. மணல்மேடும் நாணலும் கருவேலுமாகக் கிடக்கும். நாங்கள் வைகைப் பாசனக் குடியானவர்கள். 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையிலிருந்து எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அது ஊரெங்கும் பேச்சாகிவிடும். “இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் நிறுத்தம்” என்று முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். எங்களுக்கு முறை என்றால் என்னவென்று ஒருவர் கற்பிக்க வேண்டியதில்லை. கதிர் வாங்கும் தருணத்தில் ஒரு முறை தவறினால், அதன்பின் ஆறு கரைபுரண்டு வந்தாலும் பதராய்ப் போனது மணியாவதில்லை. இதை அறிந்திருந்தும் கண்ணின் விஷயத்தில் நான் அறியாதவனாய் இருந்தேன்.

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் மருத்துவமனை சேர்வோம். மதுரை கோயில் நகரம், மல்லிகை நகரம் என்று அறியப்பட்டது. எங்களைப் போன்ற முதியோருக்கு அது கண் மருத்துவத்தின் நகரமுமாகும். முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகிக்கொண்ட மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976-ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது இந்நகரில்தான். அதன்பின் தென்மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து மதுரைக்கு வரும் பேருந்துகளில், பச்சைத் துணி மறைத்த கண்ணோடும் கறுப்புக் கண்ணாடியோடும் யாரேனும் ஒருவர் இராத நாள் அரிதாயிற்று.

ஊசியும் இடைவெளியும்

கண்ணுக்குள் ஊசி என்ற சொல்லைக் கேட்டதுமே அக்காளின் கை குளிர்ந்துவிட்டது. நடந்ததோ மிக எளிது. மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டார்கள். பழுப்பு நிற அயோடின் மருந்தால் கண்ணையும் இமையையும் தூய்மை செய்தார்கள். இமை மூடாதபடி சிறு கம்பி ஒன்றை வைத்து, கண்ணின் வெண்பகுதி வழியாக மயிரிழை போன்ற ஊசியால், ஒரு மில்லி லிட்டரில் இருபதில் ஒரு பங்கு மருந்தைச் செலுத்தினார்கள். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்த அக்காள், “முள் எடுப்பதைவிட இது ஒன்றும் பெரிதில்லை” என்றார்.

அம்மருந்து செய்யும் வேலையை மருத்துவர் அம்மையார் எங்களுக்கு விளக்கினார். புதிய இரத்தக் குழாய்களை வளரச் செய்யும் புரதப் பொருள் ஒன்று கண்ணில் மிகுதியாகச் சுரக்கிறது. மருந்து அதைப் பிடித்து அடக்கிவிடுகிறது. குழாய்கள் சுருங்குகின்றன, கசிவு வற்றுகிறது. ஆனால் மருந்து கண்ணுக்குள் நிலைத்து நிற்பதில்லை. ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் அது பாதியாகி, பின்னும் பாதியாகி, மெல்ல வெளியேறிவிடுகிறது. நோயின் வேரோ அங்கேயே இருக்கிறது. ஆகவே மருந்தின் வலிமை அற்றுப்போகுமுன் அடுத்த ஊசி சென்று சேர வேண்டும்.

இவ்வகை மருந்துகள் வந்தது அண்மைக் காலத்தில்தான். குடற் புற்றுநோய்க்கென வந்த பெவாசிசுமாப் என்னும் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தும் வழக்கம் 2005-ஆம் ஆண்டிலிருந்து பரவியது. கண்ணுக்கென்றே உருவான ரானிபிசுமாப் 2006-இலும், அப்ளிபெர்செப்ட் 2011-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. 2022-இல் பாரிசிமாப் வந்தது. விலையில் இவற்றிடையே பெரும் வேறுபாடு உண்டு. ஆயினும், விலை குறைந்த பெவாசிசுமாபும் விலை மிகுந்த ரானிபிசுமாபும் ஒரே கால அளவில் கொடுக்கப்பட்டபோது பார்வையைக் காப்பதில் ஏறத்தாழ ஒத்த பலனே தந்தன என்று 2011-இல் வெளியான அமெரிக்கப் பேராய்வு ஒன்று காட்டிற்று. நம் போன்ற குடும்பங்களுக்கு இது ஆறுதலான செய்தி. எந்த மருந்து என்பதை மருத்துவரோடு கலந்து, கையிருப்பைப் பார்த்து முடிவு செய்யலாம். எப்போது என்பதில்தான் கையிருப்பைப் பார்த்துப் பின்வாங்க முடியாது.

இனி, இடைவெளியைப் பற்றிச் சொல்கிறேன். தொடக்கத்தில் மாதம் ஒன்றாக மூன்று ஊசிகள் போடுவது வழக்கம். அக்காளுக்கு ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 28 ஆகிய நாட்களில் இட்டார்கள். அதன்பின் எல்லார்க்கும் பொதுவான கணக்கு ஒன்று இல்லை. ஒவ்வொரு முறையும் கண்ணைப் படம்பிடித்துப் பார்க்கிறார்கள். ஓ.சி.டி. என்று சொல்லப்படும் அப்படத்தில் விழித்திரை அடுக்கடுக்காகத் தெரியும். கீழடி அகழ்வாய்வுக் குழியின் சுவரில் மண்ணடுக்குகள் தெரிவதைப் பார்த்தவர்கள் அதை எளிதில் புரிந்துகொள்வார்கள். அடுக்குகளின் நடுவே கறுத்த சிறு குட்டை போல ஏதேனும் தெரிந்தால் அதுவே நீர். அது இல்லையென்றால் கண் உலர்ந்திருக்கிறது. உலர்ந்திருந்தால் அடுத்த இடைவெளியை இரண்டு வாரம் நீட்டுகிறார்கள். நான்கு வாரம் ஆறாகிறது, ஆறு எட்டாகிறது, சிலருக்கு பன்னிரண்டு, புதிய மருந்துகளில் பதினாறு வாரம் வரையிலும் செல்கிறது. நீர் மீண்டும் தலைகாட்டினால் இடைவெளியைக் குறைக்கிறார்கள். சிலருடைய கண் நான்கைந்து வாரத்துக்கு மேல் தாங்குவதேயில்லை. எனவே ஒருவருடைய தவணையை மற்றவர் பார்த்து, “எனக்கு மட்டும் ஏன் இத்தனை ஊசி?” என்று கேட்பதில் பொருளில்லை.

மே 9-ஆம் நாள் ஆறு வாரத்தில் பார்த்தபோது அக்காளின் கண் நன்றாக உலர்ந்திருந்தது. வளைந்த தூண் நிமிர்ந்துவிட்டது. செபப் புத்தகத்தை மறுபடியும் கையில் எடுத்திருந்தார். அன்றும் ஊசி உண்டு என்றதும் அவர் வியந்து, “நன்றாயிருக்கிற கண்ணுக்கு எதற்கம்மா ஊசி?” என்று கேட்டார். மருத்துவர் சிரித்துக்கொண்டே, “அம்மா, நேற்றுப் போட்ட ஊசியால்தான் இன்று நன்றாயிருக்கிறது. இன்று போடுவது நாளைக்காக” என்றார்.

பாலத்தின் மீது திரும்பி வருகையில் வறண்ட ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்த அக்காள், “ஆண்டவரே, ஆற்றிலே தண்ணீர் வரட்டும், என் கண்ணிலே வர வேண்டாம்” என்று வேண்டிக்கொண்டார். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

கொடியேற்ற நாள்

ஜூலை 4-ஆம் நாள், எட்டு வாரத்தில், கண் இன்னும் உலர்ந்தே இருந்தது. ஆயினும் மருத்துவர் உடனே மேலும் நீட்டவில்லை. “இன்னும் ஒரு முறை இதே எட்டு வாரத்தில் பார்ப்போம்” என்று சொல்லி, அடுத்த தவணையைச் சீட்டில் எழுதினார். ஆகஸ்டு 29.

எந்த நாள் அது என்று கத்தோலிக்கக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையின் திருத்தலத்தில் கொடியேற்ற நாள். கண் தெளிந்தால் கொடியேற்றத்துக்கு வந்து வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக அக்காள் பிப்ரவரியிலேயே நேர்ந்திருந்தார். சீட்டைப் பார்த்ததும் சற்றுத் தயங்கினார். “தம்பி, நாள் இடிக்கிறதே” என்றார். நான்தான், “அதற்கென்ன அக்கா, கண் நன்றாகத்தானே இருக்கிறது? வந்து போட்டுக்கொள்ளலாம்” என்றேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவன் சொன்ன சொல் இது.

வேளாங்கண்ணி சென்றோம். கடலோரத்தில் கொடி ஏறக் கண்டோம். அக்காள் கண்மலரைக் காணிக்கையாக இட்டார். அங்கேயே செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழா வரையில் தங்கிவிட்டோம். ஊர் திரும்பியதும் பேத்தியின் திருமண ஓலை வாசிப்பு. மூன்று ஞாயிறுகள் ஓலை, அதன்பின் திருமணம், அதன்பின் மறுவீடு. இடையில் எனக்குக் காய்ச்சல். அக்காள் ஒருமுறை, “கண்ணுக்குப் போக வேண்டுமே” என்றார். “அடுத்த வாரம்” என்றேன். அந்த “அடுத்த வாரம்” ஆறு முறை வந்தது.

திருமண வீட்டில் ஒரு மாலை, மணமகளின் முகத்தை உற்றுப் பார்த்த அக்காள் என்னிடம் மெதுவாக, “பிள்ளையின் முகத்தில் நடுவே மை பூசினாற்போல இருக்கிறது” என்றார். இடக்கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். நேராகப் பார்த்த இடத்தில் கறுத்த புள்ளி ஒன்று நின்றது. பக்கங்கள் தெரிந்தன; முகம் தெரியவில்லை.

அக்டோபர் 10-ஆம் நாள் மதுரைக்குச் சென்றோம். எட்டு வாரத்தில் போயிருக்க வேண்டிய நாங்கள் பதினான்காம் வாரத்தில் சென்று நின்றோம். அந்தப் படத்தை என்னிடமும் காட்டினார்கள். அடுக்குகள் குலைந்து, நடுவே குட்டை நிறைந்து, அதன் ஓரத்தில் இரத்தமும் இருந்தது. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. அவர் சொன்னது இரண்டே செய்திகள். தேதி இடித்தால் முன்கூட்டியே வந்திருக்கலாம், முந்தைய ஊசிக்குப் பின் நான்கு வாரம் கடந்துவிட்டால், ஒரு வாரம் முந்தி வருவதில் பெரும்பாலும் தடையில்லை, பிந்துவதில்தான் ஆபத்து. மற்றது, கண் நன்றாயிருப்பதைக் கொண்டு தவணையை நீட்டுவது படத்தைப் பார்த்த மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. வீட்டில் எடுக்கும் முடிவன்று.

2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது, வர முடியாமல் தவணை தவறிய முதியோர் பலருக்குப் பார்வை குறைந்துபோனதையும், மீண்டும் ஊசி தொடங்கிய பின்னரும் சிலருக்கு இழந்தது முழுவதும் திரும்பாததையும் பல நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். அவர்களைத் தடுத்தது உலகையே முடக்கிய கொள்ளைநோய். எங்களைத் தடுத்தது என் அலட்சியம் ஒன்றே.

இரண்டாம் முறை தொட்டபோது

அன்று ஊசி முடிந்தபின் அக்காள் நேரே பேருந்து நிலையம் செல்ல விரும்பவில்லை. கீழவெளி வீதியிலுள்ள வியாகுல அன்னைப் பேராலயத்துக்குப் போகலாம் என்றார். இரட்டைக் கோபுரங்களின் நிழலில் சற்று அமர்ந்தோம். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. 1606-ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்து, தமிழும் வடமொழியும் கற்று, நற்செய்தியை நம் மொழியில் விதைத்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி அடிகளாரின் நினைவு வந்தது. அவரும் முதுமையில் பார்வை மிக மங்கி, 1656-இல் மயிலாப்பூரில் உயிர்நீத்தார். அவர் காலத்தில் இப்படியொரு மருந்து இருந்ததில்லை. எங்கள் காலத்தில் இருக்கிறது. இருந்தும் நான் அதை நாளுக்குக் கொண்டு சேர்க்கவில்லை.

“அக்கா, என்னால் வந்தது இது” என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “கண்மலர் சாத்தினது வீணில்லை தம்பி. ஆனால் மாதா நம்மை டாக்டரம்மாவிடம் அனுப்பியிருந்தாள். நாம்தான் மாதாவைப் பார்க்கப் போகிறோம் என்று அங்கே போகாமல் இருந்துவிட்டோம்” என்றார். ‘நாம்’ என்றார்; ‘நீ’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிற்பாடு எங்கள் பங்குத் தந்தையிடம் இதைச் சொன்னபோது அவர் சீராக் ஆகமத்தை நினைவூட்டினார். மருத்துவரை மதிக்க வேண்டும், அவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று அந்நூல் போதிக்கிறது. நேர்ச்சையும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்றின் நாளை மற்றொன்றுக்குக் கொடுப்பதுதான் பிழை என்றார் தந்தை.

மறுபடியும் நான்கு வாரத் தவணையிலிருந்து தொடங்கினோம். நவம்பர் 7, டிசம்பர் 5, பின்னும் ஒன்று. நீர் வற்றியது. கறுப்புப் புள்ளி சாம்பல் நிறமாகச் சுருங்கியது. முகங்கள் ஒருவாறு திரும்பின. ஆனால் கசிந்த இடத்தில் தழும்பு விழுந்துவிட்டது. செபப் புத்தகத்தின் சிறிய எழுத்துகள் வலக்கண்ணுக்கு எட்டவில்லை. இன்று இடக்கண்ணாலும் பூதக்கண்ணாடியாலும் வாசிக்கிறார். நீண்ட மன்றாட்டுகளை மனப்பாடமாகவே சொல்லிவிடுகிறார். கேட்பவர்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் எனக்குத் தெரியும்.

அக்கண்ணுக்கு இப்போது ஆறு வாரத் தவணை. எட்டுக்கு நீட்டிப் பார்த்தபோது நீர் தலைகாட்டியது. அவருடைய கண் தன் முறையைத் தானே சொல்லிவிட்டது. நாங்கள் அதற்குப் பணிகிறோம்.

வீட்டுக்குரிய சில செய்திகள்

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் முதியோர் இருப்பார்கள். ஆகையால் எங்கள் பட்டறிவைச் சில சொற்களில் சொல்லிவிடுகிறேன்.

வாரம் ஒருமுறையேனும் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு நிலையோ சன்னற் கம்பியோ வளைந்து தெரிந்தால், அல்லது நடுவில் கறை தெரிந்தால், அடுத்த தவணை நாளுக்குக் காத்திராதீர்கள். சுவிட்சர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் வகுத்த கட்டக்கோட்டுத் தாள் ஒன்றை மருத்துவமனையில் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அதை நாட்காட்டிக்கு அருகே ஒட்டிவைத்திருக்கிறோம்.

ஊசி போட்ட அன்று வெண்விழியில் சிறு சிவப்புத் திட்டு தோன்றலாம். கண்முன் குமிழ்கள் மிதக்கலாம். அவை பெரும்பாலும் தாமே மறையும். ஆனால் அடுத்த சில நாட்களில் வலி மிகுந்து, கண் சிவந்து, பார்வை மங்கி, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். கண்ணுக்குள் கிருமி புகுவது மிக அரிது. ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்று. ஆயினும் நேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மருத்துவர் சொல்லும்வரை கண்ணைக் கசக்கவோ, அழுக்கு நீர் படவிடவோ வேண்டாம். வீட்டில் புகைபிடிப்போர் இருந்தால், இந்நோய்க்கான ஆபத்தைப் புகை மிகுதியாக்குகிறது என்பதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது இது. அடுத்த தவணை நாளைச் சீட்டில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். நம் வீட்டுச் சுவரில் மறைமாவட்ட நாட்காட்டி தொங்குகிறது. ஒருசந்தி நாள், சுத்தபோசன நாள், கடன் திருநாள், முதல் வெள்ளி எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றோடு அந்நாளையும் எழுதிவையுங்கள். பேருந்துக் கட்டணத்துக்கும் ஊசிக்கும் ஆகும் பணத்தைச் சிறிது சிறிதாக முன்னரே ஒதுக்குங்கள். யார் உடன் செல்வது என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். தவணை தவறுவது பெரும்பாலும் முதியோரின் விருப்பத்தால் அன்று. உடன் செல்ல ஆளில்லாததால். “பிள்ளைகளுக்குத் தொந்தரவு” என்று அவர்கள் வாய் திறக்காமல் இருந்துவிடுவார்கள்.

அக்காள் ஒன்பது முதல் வெள்ளிகளை எத்தனையோ முறை இடைவிடாமல் நிறைவேற்றியவர். எட்டாம் வெள்ளியில் தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார். அதில் ஒரு நட்டமும் இல்லை. ஆண்டவரின் இருதயம் கணக்கைப் புதிதாகத் தொடங்க எப்போதும் இடம் தருகிறது. கண்ணுக்கு அந்தப் பொறுமை இல்லை. அங்கேயும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கலாம்; இடையில் இழந்தது மட்டும் முழுவதும் திரும்புவதில்லை.

மாற்கு நற்செய்தியில் பெத்சாயிதா ஊரின் பார்வையற்றவரை நம் ஆண்டவர் குணமாக்கியதை நாம் வாசித்திருக்கிறோம். முதல் முறை தொட்டபோது அவருக்கு மனிதர் நடமாடும் மரங்களைப் போலத் தெரிந்தனர். ஆண்டவர் அவரை அந்த நிலையிலேயே அனுப்பிவிடவில்லை. இரண்டாம் முறையும் கை வைத்தார். அதன்பின்தான் யாவும் தெளிவாயிற்று. ஒரே சொல்லால் புயலை அடக்கியவர் இங்கே இரண்டு முறை தொட்டது ஏன் என்று நான் இளமையில் வியந்ததுண்டு. இப்போது அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம், இரண்டாம் முறை தொடும் வரையில் அந்த மனிதர் அவ்விடத்தை விட்டு நகராமல் நின்றதுதான் என் கண்ணில் படுகிறது.

அடுத்த தவணையும் செவ்வாய்க்கிழமையே. முத்தனேந்தல் நிறுத்தத்தில் விடியுமுன் நிற்போம். அக்காள் முந்தானையில் சீட்டை முடிந்துவைத்திருப்பார். நான் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார். அவர் மறந்தாலும் சுவரில் தொங்கும் நாட்காட்டி மறக்காது.